மூன்று காலிக் கட்டங்கள்

ஆடி 1, வெள்ளி

மாதப் பிறப்பு. கோமதியம்மை சந்நிதியில் பதிகம் ஓதிவிட்டு வீடு திரும்பினால் வாசலில் வாடகைக் கார் நிற்கிறது. கோவையிலிருந்து மங்கை வந்துவிட்டாள். திருமணத்துக்குப் பின் வரும் முதல் ஆடி; தம்பியை அனுப்பி அழைத்து வரச் செய்வதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் தானே புறப்பட்டு வந்திருக்கிறாள். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து முறையாக அழைத்துப் போவார்கள்.

பெட்டி இரண்டு, மழைக்குடை ஒன்று. கூடவே, சீராக நான் கொடுத்த பித்தளை இட்லிக் கொப்பரை. ஒரு மாதத்துக்கு வந்தவளுக்குக் கொப்பரை எதற்கு என்று கேட்கவில்லை. ஈயம் பூசக் கொண்டுவந்திருப்பாள்.

ஆடி 2, சனி

மாலை சம்பந்தி வீட்டுக்குப் போனேன். ஆவுடையம்மாள் மாப்பிள்ளையின் தாயார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. தொலைபேசி நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்த அன்று என் கணவர் விட்டுப்போன சதுரங்கப் பலகையைக் கூடத்தில் கண்டு, பெண்ணைக் கூடப் பாராமல், “இது யாரு ஆடுதது?” என்று கேட்டவர். நிச்சயமான வாரத்திலிருந்து நாங்கள் ஆடிவருகிறோம். பலகை இப்போது அவர் வீட்டில், மூடிய தையல் எந்திரத்தின் மேல் இருக்கிறது.

எங்களுக்கென்று இரண்டு சட்டங்கள் உண்டு. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். பலகை முன் பிள்ளைகள் பேச்சு எடுக்கக் கூடாது. கல்யாணச் சமையல்காரர் விஷயத்தில் ஒருமுறை குரல் உயர்ந்ததிலிருந்து இரண்டாவது சட்டம் அமலில் உள்ளது.

வைகாசியில் தொடங்கிய ஆட்டம் இன்று ஓர் இக்கட்டில் வந்து நின்றது. பலகையில் ஆளுக்கு ஒரு ராஜாவும் இரண்டு சிப்பாய்களுமே மிச்சம். நடுவில் என் வெள்ளைச் சிப்பாயும் அவருடைய கறுப்புச் சிப்பாயும் தலையோடு தலை முட்டி நிற்கின்றன. அந்த முட்டலின் இருபுறமும் இரண்டு ராஜாக்கள் காவல். எவர் ராஜா முதலில் நகர்கிறதோ அவர் சிப்பாய் பறிபோகும். ஆட்டமும் அத்தோடு போகும். ஆகவே ராஜாவை அசைக்காமல் மற்றொரு சிப்பாயை நகர்த்தித்தான் பொழுதைத் தள்ள வேண்டும். அந்தச் சிப்பாய்கள் இரண்டும் இடது ஓரத்தில் ஒரே வரிசையில் எதிரெதிரே நிற்கின்றன. நடுவே மூன்று கட்டங்கள் காலி. என்னுடையது பிறந்த இடம் விட்டு அசையாதது; முதல் நகர்வில் ஓரடியும் வைக்கலாம், ஈரடியும் வைக்கலாம். அவருடையது முன்பே நகர்ந்துவிட்டது. இனி ஒவ்வோர் அடியாகத்தான் வரும்.

நகர்த்த வேண்டியவள் நான்.

“என்ன மதினி, ரெண்டா ஒண்ணா?” என்றார்.

“ரெண்டுதான். அதுல என்ன சந்தேகம்?”

“அப்ப வைங்க.”

ஏனோ கை எழவில்லை. நாளை வைக்கிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன். மங்கை வந்திருப்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பலகை முன் இருந்தோமே.

ஆடி 5, செவ்வாய்

மங்கையின் கைப்பேசி ஒலித்தால் எடுத்துப் பார்த்துக் கவிழ்த்து வைக்கிறாள். அலுவலகத்தில் வேலை மிகுதி போலும்.

கொப்பரையைத் திறந்து பார்த்தேன். ஈயம் கண்ணாடிபோல் இருக்கிறது.

ஆடி 7, வியாழன்

இன்றும் சிப்பாயைத் தொடவில்லை. வாதம் மட்டும் நடந்தது.

“உலகத்த அளந்தவன் பெரிய அடியாத்தானே எடுத்து வச்சான்? தெய்வத்துக்கே அதுதான் வழி. எதிராளி மூச்சு முட்டணும்” என்றேன்.

ஆவுடையம்மாள் முறுக்கைக் கடித்தபடி, “அளக்கும்போது பெரிய அடிதான் மதினி. வாசலுக்கு வரும்போது குள்ளமாத்தானே வந்தாரு? பெருசா வந்திருந்தா மகாபலி கதவத் தொறந்திருப்பானா?” என்றார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் நான். மாணவர் எவரும் என்னை இப்படி மடக்கியதில்லை. விடை தேடும் பாவனையில் முறுக்கு எடுத்துக்கொண்டேன்.

ஆடி 9, சனி

அறிந்துகொண்டேன்.

மங்கை வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். கள்ளன் நரம்பை எடுத்து எடுத்துப் பூ முழுதும் முடிந்த பின்னும் வெறும் மடலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். “கொப்பரை எதுக்குட்டி கொண்டாந்தே?” என்று இப்போதுதான் கேட்டேன்.

“அவரு மஸ்கட்டுக்குப் போறாரும்மா. ரெண்டு வருசம். கையெழுத்துப் போட்டாச்சு.”

“நல்ல சேதிதானே?”

“சிநேகிதர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். போன உடனே எல்லாரும் எனக்குக் கை குடுத்து வாழ்த்துச் சொல்லுதாங்க. எதுக்குன்னே எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி சிரிச்சேம்மா. வீடு வந்து சேருற வரைக்கும் சிரிச்ச மேனிக்கே வந்தேன்.”

ஆவணி பத்தாம் தேதி அவர் விமானம் ஏறுகிறாராம். இங்கே வருமுன்பே இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது; இருபது நாளாகிறது. அவர் கூப்பிடுவார், இவள் எடுப்பதில்லை. இப்போது கூப்பிடுவதும் குறைந்துவிட்டதாம். “எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையேம்மா” என்பதைத் தவிர வேறு குற்றச்சாட்டு இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்றேன். அது தனக்கே தெரியாதாம். திரும்பிப் போகப்போவதில்லை என்பது மட்டும் தெரியுமாம்.

முறை தெளிவாக இருக்கிறது. பிழை அவர்கள் பக்கம். தாய்வீடு வந்த பெண்ணை அழைக்காமல் அனுப்பும் வழக்கம் எங்கள் குடியில் இல்லை. அவர்கள்தாம் படியேறி வர வேண்டும்.

ஆடி 11, திங்கள்

ஆவுடையம்மாளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எப்படி அறிந்தேன் என்றால், இன்று என் காப்பியில் சர்க்கரை இரண்டு மடங்கு. சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாதபோது அவர் கை இப்படித்தான். நானும் வாய் திறக்கவில்லை. சட்டம் சட்டந்தான்.

ஆடி 13, புதன்

தபசு. ஊர் கொள்ளாத கூட்டம். அரியும் அரனும் ஒன்றாய்த் தோன்றும் கோலத்தைக் காட்டியருள வேண்டித் தவம் புரிந்த அம்மை, சந்நிதி விட்டு வெளியே எழுந்தருளித் தபசு மண்டபத்தில் காத்திருந்தாள். மாலையில் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி தந்தார். உழவர்கள் பருத்தியும் மிளகாய் வற்றலும் காணிக்கையாகச் சூறை எறிந்தார்கள். கூட்டத்தில் நானும் ஆவுடையம்மாளும் ஒருவர் கையை ஒருவர் பற்றி நின்றோம். எதிரே பலகை இல்லை, ஆகவே பேசினேன்.

“பாத்தியளா மதினி. அம்மை அவ்வளவு தவம் செஞ்சும் சுவாமிதான் தேடி வந்தாரு. வர வேண்டியவங்க வரணும்.”

அவர் மண்டபத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“வந்தாரு. இல்லன்னு சொல்லல. ஆனா அம்மா மொதல்ல கோயில விட்டு வெளிய வந்தால்லா? உள்ளேயே இருந்திருந்தா எங்கிட்டு வருவாரு? அவ அவரு வாசல் வரைக்கும் போகவும் இல்ல, தன் வாசல அடச்சிக்கிடவும் இல்ல. மண்டபம் வரைக்கும்தான் வந்தா.”

பற்றிய கையை நான்தான் விட்டேன்.

பிரியும்போது, “அந்த ஓரத்துச் சிப்பாய ஒண்ணு மட்டும் வைங்க மதினி. ரெண்டு வச்சிராதிய” என்றார்.

ஆடி 14, வியாழன்

எதிராளி சொல்லும் உபாயத்தைக் கேட்டுப் பிழைத்த அரசனை எந்தப் புராணத்திலும் நான் படித்ததில்லை. அவர் ஓரடி என்றால், வெற்றி ஈரடியில்தான் இருக்க வேண்டும்.

ஆடி 15, வெள்ளி

இன்று சம்பந்தி வீட்டுக்குப் போகவில்லை. தென்காசியிலிருக்கும் தம்பி சிதம்பரநாதனைத் தொலைபேசியில் அழைத்தேன். ஆடி இருபத்தெட்டாம் தேதி பெரியவர்கள் நாலு பேரை அழைத்துக்கொண்டு வரச் சொன்னேன். எல்லோருமாய்ப் போய் ஆவுடையம்மாள் வீட்டு நடுக்கூடத்தில் அமர்ந்து நியாயம் கேட்பது. “எக்கா, அவ்வளவு தூரம் போகணுமா?” என்றான். போகத்தான் வேண்டும் என்றேன்.

அந்தக் கூடத்தில் நாலு பேர் உட்கார, தையல் எந்திரத்தை நகர்த்த வேண்டியிருக்கும்.

ஆடி 18, திங்கள்

பதினெட்டாம் பெருக்கு. கலந்த சாதங்கள் செய்தேன். ஆவுடையம்மாளுக்குப் புளியோதரை என்றால் உயிர். வழக்கமான தூக்குச்சட்டியில் எடுத்துவைத்தேன். கொடுத்தனுப்பவில்லை. இரவு நானே உண்டேன். புளி சற்றுக் கூடிவிட்டது.

ஆடி 21, வியாழன்

பலகையில் தூசி படிந்திருக்கும்.

ஆடி 23, சனி

உச்சிக்கால பூசை முடிந்து பிரகாரத்தில் வரும்போது ஒரு பெண் வழிமறித்தாள். ஆவுடையம்மாளின் கொழுந்தன் மனைவி, சண்முகவடிவு. இரு வீட்டுக்கும் எட்டு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது என்பது கல்யாணத்திலேயே தெரிந்ததுதான்.

“உங்க வீட்டுக்கு நாங்க ஆவணி ஒண்ணாந் தேதி வரணுமாம்லா? எங்க மதினி வந்து கேட்டாக.”

“யாரு, ஆவுடை மதினியா? உங்க வீட்டுக்கா?”

“ஆமா. ஆடி பொறந்ததும் மறுநாளே வந்தாக. உள்ள வரல. வாசல்லயே நின்னுக்கிட்டு, ‘மருமகள அழைக்கப் போகணும், நான் முன்னால போகக் கூடாதுல்லா, நீயும் கொழுந்தனும் சோடியாப் போயி அழச்சிட்டு வாங்க’ன்னாக. பாப்போம்னு சொன்னேன். அதுக்கப்புறம் மூணு தடவ வந்துட்டாக. எங்க வீட்டுக்காரரு இன்னும் இறங்கி வரல.”

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

கணவனை இழந்தவர் மங்கல காரியத்துக்கு முன் நிற்பதில்லை என்பது ஊர் வழக்கம். நானும் அவ்வாறே. மங்கையின் கழுத்தில் தாலி ஏறியபோது நான் மணமேடையருகில் இல்லை. மண்டபத் தூணுக்குப் பின்னால் நின்றேன். அதே தூணின் மறுபக்கம் ஆவுடையம்மாள் நின்றார். “உங்களுக்குத் தெரியுதா?” என்று கேட்டார். “மாலை மட்டும் தெரியுது” என்றேன். “இங்கிட்டு வாங்க மதினி, இங்கேருந்து முகம் தெரியுது” என்று என்னைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றுதான் என்னை முதன்முதலாக மதினி என்று அழைத்தார்.

இந்த உறவு பிள்ளைகளின் திருமணத்தில் பிறந்தது. அது இல்லையென்றால் அவரை நான் என்ன சொல்லி அழைப்பேன்?

மாலையில் அடுக்களைத் தரையில் கரித்துண்டால் கட்டம் கீறி, புளியங்கொட்டையை வைத்துப் பார்த்தேன். என் சிப்பாய் ஈரடி வைத்தால் நடுவில் ஒரே கட்டம் காலி. அதில் அவர் வந்து அடைத்துக்கொள்வார், நகர்த்த எனக்கு வேறு காய் இராது, என் ராஜா விலக வேண்டும், நான் தோற்பேன். ஓரடி வைத்தால் இரண்டு கட்டம் காலி. அவர் ஓரடி வருவார், நான் இன்னோர் அடி வைத்து அடைப்பேன். பிறகு விலக வேண்டியது அவர் ராஜா.

மறுபடியும் வைத்துப் பார்த்தேன். மாற்றமில்லை.

தம் தோல்விக்கு வழியைத் தாமே எனக்குச் சொல்லியிருக்கிறார். அதை நான் எதிராளியின் உபாயம் என்று எழுதியிருக்கிறேன். மேலே இருக்கிறது, கோடிட்டு அடிக்கவில்லை.

ஆடி 24, ஞாயிறு

காலையில் தம்பியை அழைத்து, பெரியவர்கள் யாரும் வர வேண்டாம் என்றேன். “நிம்மதிக்கா” என்றான்.

ஆவுடையம்மாள் கதவைத் திறந்தார். ஏன் பத்து நாளாய்க் காணோம் என்று கேட்கவில்லை. பலகையில் தூசி இல்லை. ஒவ்வொரு காயையும் துடைத்து அதனதன் கட்டத்திலேயே வைத்திருந்தார்.

ஓரத்துச் சிப்பாயை எடுத்து ஓரடி வைத்தேன்.

“அப்பாடி” என்றார், ஏதோ தாமே வென்றதுபோல.

“மதினி, ஒரு சட்டத்த இன்னைக்கு மீறப்போறேன். ஆவணி ஒண்ணாந் தேதி நீங்க எங்க வீட்டுக்கு வரணும். நீங்களே வரணும்.”

அவர் முகம் மாறியது. “நான் எப்பிடி மதினி? அபசகுனம்பாங்க. பிள்ளைக நல்லாருக்கணும்லா.”

“எங்க வீட்டு வாசல். அங்க யாரு வரலாம்னு நாந்தானே சொல்லணும்?”

“ஊரு என்ன சொல்லும்?”

“ஊரத் தாண்டி அம்மை சந்நிதிக்குப் போயிட்டுத்தான் இங்க வந்திருக்கேன். அன்னைக்கு ரெண்டு பேரும் தூணுக்குப் பின்னால நின்னோமே, அதுவே போதும்.”

ஆவுடையம்மாள் முந்தானையால் கறுப்பு ராஜாவைத் துடைக்கப் போய், தொட்டால் நகர்த்த வேண்டும் என்பது நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவர் அழுதார். நான் அழவில்லை.

“என் காய் ஆவணி ஒண்ணாந் தேதி நகரும்” என்றார்.

ஆடி 27, புதன்

மங்கையிடம் சொன்னேன்.

“நான் போமாட்டேம்மா.”

“உன்னப் போகச் சொல்லல. உங்க அத்தை வருவாக. வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. அதுக்கு மேல உன்ன ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

நம்பாமல் பார்த்தாள். நான் பெரிய அடிக்காரி என்று அவளுக்குத் தெரியும்.

ஆவணி 1, திங்கள்

மாதப் பிறப்பு. வாசலில் பெரிய கோலம் போட்டேன்.

ஆட்டோவிலிருந்து ஆவுடையம்மாள் இறங்கினார். ஒரு கையில் தாம்பாளம்: பூ, பழம், வெற்றிலை, புடவை. மறுகையில் இன்னொரு தாம்பாளம். அதில் சதுரங்கப் பலகை, காய்கள் நின்றது நின்றபடியே! வழியில் மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் வண்டியை நிறுத்தச் சொன்னாராம்; ஆட்டோக்காரரும் பிரசவத்துக்குப் போகிற வண்டி போல மெல்ல ஓட்டிவந்தாராம்.

வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டார். கோலத்தைக்கூட மிதிக்கவில்லை. நான் பேச வாயெடுத்தேன், பிறகு மூடிக்கொண்டேன். மங்கை என்னைத் தாண்டிப் போய்ப் படியில் நின்றாள்.

“வாங்கத்தே.”

“உன்ன அழைக்க வரல தாயி” என்றார் ஆவுடையம்மாள். “உங்கிட்ட ஒண்ணு கேக்க வந்தேன். அவன் கேக்காம விட்டத நான் கேக்கேன். அவன் மஸ்கட்டுக்குப் போகட்டுமா, வேண்டாமா? நீ எதச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.”

மங்கை படியிலேயே அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு கையிலும் தாம்பாளத்தோடு அவளை எப்படி அணைப்பது என்று தெரியாமல் சம்பந்தி தவித்தார். பலகையை நான் வாங்கிக்கொண்டேன்.

பிறகு கூடத்தில் மூவரும் உட்கார்ந்தோம். ஆவுடையம்மாள் தம் ஓரத்துச் சிப்பாயை ஓரடி நகர்த்தினார். சொன்ன சொல்.

நான் கை நீட்டுமுன், “இப்ப உங்க ஆட்டமாம்மா? நான் வைக்கட்டுமா?” என்று மங்கை கேட்டாள். அப்பாவிடம் சிறுவயதில் பழகியவள். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நடுவில் மிச்சமிருந்த ஒரே கட்டத்தில் வெள்ளைச் சிப்பாயை ஓசையில்லாமல் வைத்தாள்.

“பிடிச்சிட்டா, கள்ளி” என்றார் ஆவுடையம்மாள். “சிப்பாய்க்கெல்லாம் இனி வழியில்ல. எங்க ராஜாதான் நகந்தாகணும்.”

கைப்பேசியை எடுத்தார். “ஏ பிரமு, நான் உன் மாமியார் வீட்ல இருக்கேன். ஆமா, நாந்தான். நானே வந்தேன். இங்க எல்லாரும் அவுகவுக அடிய எடுத்து வச்சாச்சுல. நீ எப்பக் கெளம்புத?”

ஆவணி 2, செவ்வாய்

காலை பூசை முடித்துத் திருநீறு இட்டுக்கொண்டிருக்கையில் தெருவில் பை ஒன்றை இறக்கும் ஓசை கேட்டது. மாப்பிள்ளை பிரமநாயகம். பேருந்தில் உறங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. உள்ளே வரவில்லை, தாயைப் போலவே கோலத்துக்கு வெளியே நின்றார்.

மங்கை வாசற்படி வரை போனாள். அங்கேயே நின்றுகொண்டாள்.

“உங்கிட்ட கேட்டிருக்கணும்” என்றார்.

“இப்பக் கேளுங்க.”

“கேட்டா என்ன சொல்லுவே?”

“கேட்டாத்தான் தெரியும்.”

மேற்கொண்டு கேட்பது எனக்கு அழகல்ல என்று அடுக்களைக்குள் போய், கொப்பரையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். வாசலில் குரல்கள் ஏறின, இறங்கின, நடுவில் ஒன்றும் கேட்கவில்லை, மறுபடி கேட்டன. ஒருமுறை மங்கை சிரித்த மாதிரி இருந்தது. அவர்கள் பேசி முடித்து உள்ளே வர மூன்று ஈடு இட்லி ஆயிற்று.

மஸ்கட் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. “இன்னும் பேசணும் அத்தை” என்று மட்டும் மாப்பிள்ளை சொன்னார். சொல்லிவிட்டு எட்டு இட்லி தின்றார்.

மாலையில் ஆவுடையம்மாள் வந்தார். கோலம், வாசற்படி எதையும் பார்க்காமல் நேரே உள்ளே வந்து பலகை முன் அமர்ந்தார். கறுப்பு ராஜாவைத் தொட்டார். ஒரு கட்டம் விலக்கினார். ஆட்டம் முடிந்தது, வெற்றி எனக்கு. என் பிறந்தநாளுக்குக்கூட அவ்வளவு மகிழ்ந்து அவர் வாழ்த்தியதில்லை.

“அடுத்த ஆட்டத்துக்கு வெள்ளை எனக்கு, மதினி” என்றார்.

“எடுத்துக்கோங்க மதினி” என்றேன்.

காய்களை அடுக்கினோம்.